சாம்பல் அரசன் தனியாக வந்த பிற்பகல்

நீர்வாசல் கோட்டை விழுந்தே ஆக வேண்டும். யார் ஆடினாலும், எப்படி ஆடினாலும், தலைகீழாக நின்றாலும் அது விழ வேண்டும். அதை விழவைப்பதற்காகத்தான் நான் இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் விளையாட்டின் பெயர் 'ஐந்து கரை'. படை திரட்டி, பாலம் கட்டி, கோட்டையைக் காத்து, எதிரியை மடக்குகிற கணினி விளையாட்டு. அதில் ஐந்து கதைகள் உண்டு. மற்றவர்கள் கேம்பெய்ன் என்று சொல்வதை நாங்கள் படலம் என்று போட்டோம். அது என் பிடிவாதம். முதல் படலத்தில் ஆடுகிறவர் ஆற்றுக்குடிப் படையை நடத்துவார். எட்டுப் போர். கடைசிப் போரில் அவர்கள் காக்கிற கோட்டை விழும், அதன் தளபதி வாசற்காரி கதவடியிலேயே சாவாள். இரண்டாம் படலத்தில் அதே ஆள் எதிர்ப்பக்கம் போய், செத்தவர்களை எழுப்பிப் படையாக்குகிற சாம்பல் அரசனாக ஆட வேண்டும். செத்த வாசற்காரி இப்போது அவனுடைய தளபதியாக எழுந்து வருவாள். மூன்றாவது காட்டுக்காரர்களின் கதை. நான்காவதில் மலைமேல் ஒரு பெண் படை நடத்திக்கொண்டு வருவாள். அவள் வாசற்காரியின் மகள். எதிரே நிற்பது தன் அம்மா என்று அவளுக்குத் தெரியும்போது பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஐந்தாவதில்தான் உண்மை வெளியே வரும். சாம்பல் அரசனே ஒரு காலத்தில் நீர்வாசலில் காவல் நின்ற சாதாரணச் சிப்பாய். காயம்பட்டுக் கிடந்தவனை அவன் ஆட்களே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

கோட்டை விழாவிட்டால் வாசற்காரி சாக மாட்டாள். அவள் சாகாவிட்டால் மற்ற நான்கு படலங்களும் அந்தரத்தில் தொங்கும். அந்தச் சாவை எழுதியபோது நானே மூக்கைச் சிந்தினேன். நானே அழுதால் ஆடுகிறவன் கதறுவான் என்று உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வேறு.

எங்கள் அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இரண்டு அறை. கீழே காற்றடிக்கும் இயந்திரம் ஓடினால் மேலே மேசையில் தேநீர் நடுங்கும். அண்ணன் புரோகிராம் எழுதுவான், கம்பெனியும் அவனுடையதுதான். அவன் மனைவி, என் அண்ணி, ஆடிப் பார்த்துப் பிழை பிடிப்பவர். படம் வரைகிறவனைத் தூரிகை என்றும், ஒலி சேர்க்கிறவனை டமாரம் என்றும் கூப்பிடுவோம். என்னைக் கதைக்காரி என்பார்கள். மரியாதையாகவும் சொல்வார்கள், கோபத்திலும் சொல்வார்கள்.

முன்பு இந்த இரண்டு அறையில் கால் வைக்க இடமிருக்காது. அத்தனை பேர் இருந்தோம். தெருவின் அந்தப் பக்கம் கண்ணாடிக் கட்டடத்தில் ஒரு பெரிய விளையாட்டுக் கம்பெனி வந்தது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவராகத் தெருவைத் தாண்டினார்கள். மதியத்தில் ஜன்னலுக்கு வந்தால் எதிரே பழைய முகங்கள் கையாட்டும். நாங்களும் பல்லைக் காட்டிக்கொண்டு கையாட்டுவோம்.

அடுத்த ஆள் நான்தான். அது யாருக்கும் தெரியாது. அன்று மாலைக்குள் சம்மதம் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அங்கே எழுதுகிறவர்களுக்கென்றே ஒரு தளம் இருக்கிறது. முதுகு சாய்ந்தால் கூடவே சாய்கிற நாற்காலி இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே யாரும் என் அண்ணன் இல்லை. "சம்மதம், திங்கட்கிழமை வருகிறேன்" என்று போனில் தட்டித் தயாராக வைத்திருந்தேன். ஆறு மணிக்கு விளையாட்டை அனுப்பிவிட்டால், மறுநாள் காலை அது விற்பனைக்கு வந்துவிடும். அனுப்பிய கையோடு அந்தச் செய்தியையும் அனுப்பிவிட்டு, தலைமுழுகிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பேன். அதுதான் திட்டம்.

மதியச் சாப்பாடு முடிந்து அண்ணன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது உள் அறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்களேன். யாருமே வரல."

"யார் வரணும்?" என்றான் அண்ணன்.

"எதிரிங்க."

அண்ணி அந்த வாரம் முழுக்க முதல் படலத்தை முதல் போரிலிருந்து ஒரே மூச்சாக ஆடிக்கொண்டிருந்தார். அதுவரை நாங்கள் எல்லோரும் துண்டு துண்டாகத்தான் ஆடிப் பார்த்திருந்தோம். இன்றைக்குப் பாலப் போர், நாளைக்குச் சதுப்பு நிலம் என்று நடுவிலிருந்து தொடங்குவோம். முழுதாக ஒருவர் ஆடுவது இதுதான் முதல் தடவை. அண்ணி ஆடுவதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். காயம்பட்டவனை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு கூடாரத்துக்குப் போகிற வரை மொத்தப் படையையும் நிறுத்திவைப்பார். "டேய், நீ எங்கடா முன்னாடி போற? வரிசையில நில்லு" என்று திரையிலிருக்கும் விரலளவு ஆட்களைத் திட்டுவார். நான் எரிச்சலாகி ஹெட்போனை மாட்டிக்கொள்வேன்.

நாங்கள் போய்ப் பார்த்தோம். திரையில் எட்டாம் போர். மூடுபனி, கோட்டை, மதில்மேல் அண்ணியின் படை வரிசையாக நிற்கிறது. டமாரம் இரண்டு மாதம் உழைத்துச் சேர்த்த போர் முரசு அதிர்கிறது. அது நேரத்தைப் பார்த்து ஒலிக்கிற முரசு; எதிரி வந்தானா என்று கேட்காது. வாசற்காரி மதிலில் ஏறி நின்று வாளை நீட்டி முழங்கினாள்: "பாருங்கள்! மண்ணே எழுந்து வருகிறது!"

எதிரே ஒரு காக்கை கூட இல்லை.

டமாரம்தான் முதலில் சிரித்தான். "எண்ணிப் பார்க்க முடியாத படை!" என்று ஒரு சிப்பாய் திரையில் அலறினான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. அண்ணன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். நான் மட்டும் அண்ணி பக்கம் திரும்பினேன்.

"என்ன அண்ணி பண்ணினீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலையே. சும்மா உக்காந்திருக்கேன்."

பனிக்குள்ளிருந்து ஏதோ அசைந்தது. சிரிப்பு நின்றது. ஒரே ஒரு உருவம். கிரீடம், கிழிந்த போர்வை, கையில் கோல். குதிரை கூட இல்லை. சாம்பல் அரசன் நடந்து வந்துகொண்டிருந்தான்.

"ஐயோ, அவன் போர்வை!" என்று தூரிகை கத்தினான். "அந்தப் போர்வையில நான் போட்ட ஒட்டுத் தையலைப் பாருங்க! இதுவரைக்கும் ஒருத்தரும் பார்த்ததில்ல. எப்பவும் ஆயிரம் எலும்புக்கூடு முன்னாடி நின்னு மறைச்சிடும்." அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அரசன் கதவுக்கு எதிரே வந்து நின்றான். கோலை உயர்த்தினான். "தாக்குங்கள்!" என்றான். பின்னால் திரும்பிப் பார்க்க நான் அவனுக்கு எழுதியிருக்கவில்லை. அதனால் நேராகவே பார்த்துக்கொண்டு நின்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கோலை உயர்த்தி, "தாக்குங்கள்!" என்றான். மறுபடியும். மதில்மேல் நிற்கிறவர்கள் அவனைப் பார்த்தார்கள். அவன் மேல் அம்பு படாது, அப்படித்தான் செய்திருந்தோம். அவனாலும் கதவைத் தொட முடியாது. அது அவன் படையின் வேலை.

"பாவம்" என்றார் அண்ணி.

அண்ணன் அதற்குள் இன்னொரு கணினியில் புரோகிராமைத் திறந்திருந்தான். சிரிப்பு போய் அவன் முகம் சுருங்கியது. பிறகு என் பக்கம் திரும்பினான்.

"இது உன் வேலைடி."

"என் வேலையா? நான் கதைதானே எழுதினேன்?"

"அதைத்தான் சொல்றேன். முதல் திரையில என்ன எழுதியிருக்க, படி."

படிக்க வேண்டியதே இல்லை. என் வாழ்நாளில் நான் எழுதியதிலேயே எனக்குப் பிடித்த வரி அது. 'சாம்பல் அரசனுக்கென்று ஒரு சிப்பாயும் கிடையாது. நீ விட்டுவிட்டு வந்தவர்களே அவன் படை.'

"நீ எழுதினதை நான் அப்படியே பண்ணிட்டேன்" என்றான் அண்ணன். "ஏழு போர்ல யார் யார் செத்தாங்களோ, அவங்களை எட்டாவதுல எழுப்பி விடுவேன். ஒருத்தன் விழுந்தா பத்துப் பேரா எழுவான். இவ ஒருத்தனைக் கூட சாக விடலை."

பூஜ்யத்தைப் பத்தால் பெருக்கினால் என்ன வரும் என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. ஒரு ஆளைக்கூட இழக்காமல் ஒருவர் ஏழு போர் ஆடுவார் என்று எவனாவது நினைப்பானா? எல்லோரும் முதல் போரிலேயே முப்பது பேரைச் சாகக் கொடுத்துவிட்டு, புது ஆட்களைச் சேர்த்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். நானே அப்படித்தான் ஆடுவேன்.

"சரி, விடுங்க" என்றேன். "ஒரு எண்ணை மாத்து. ஆள் இல்லைன்னா ஆயிரம் பேர்னு போட்டுடு."

"ஒரு நிமிஷ வேலை" என்று அண்ணன் விரலைச் சொடுக்கினான்.

அண்ணி நாற்காலியைத் திருப்பினார். "எங்கிருந்து வருவாங்க, அந்த ஆயிரம் பேர்?"

"எங்கிருந்தோ வருவாங்க அண்ணி."

"அதான் எங்கிருந்து? நான் யாரையும் விட்டுட்டு வரலையே. சதுப்பு நிலத்துல அந்த வில்லுக்காரி ஒருத்தி சொல்பேச்சு கேக்காம ஓடிப்போய் மாட்டிக்கிட்டா. பாலம் தாண்டின படையை மொத்தமா திருப்பிக் கூட்டிட்டுப் போய் அவளை மீட்டுட்டு வந்தேன். அதுக்கே ஒரு நாள் முழுக்கப் போச்சு. நீ எழுதினதை நம்பித்தானே அத்தனையும் பண்ணினேன்?"

"அண்ணி, இது விளையாட்டு."

"விளையாட்டுலயே ஏமாத்தினா அப்புறம் எதுலதான் ஏமாத்த மாட்டோம்? நீ எழுதினது நிஜமா பொய்யா, அதை மட்டும் சொல்லு."

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் ஏறியது. இத்தனைக்கும் அண்ணி குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் இன்னும் எரிந்தது. "சாயங்காலம் ஆறு மணிக்கு அனுப்பணும். இப்பப் போய் நிஜம் பொய்னு பாடம் எடுக்கறீங்களே!" என்று கத்திவிட்டு வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

எதிரே கண்ணாடிக் கட்டடம் வெயிலில் பளபளத்தது. போனை எடுத்தேன். ஆறு மணி வரை எதற்குக் காத்திருக்க வேண்டும்? இப்போதே அனுப்பிவிட்டால் போச்சு. ஆயிரம் எலும்புக்கூட்டை அண்ணன் போட்டுக்கொள்ளட்டும், அண்ணியைச் சமாதானப்படுத்துவது அவன் பாடு. கட்டைவிரலைப் பொத்தான்மேல் கொண்டுபோனேன்.

ஆனால் உள்ளே இன்னும் முரசு கேட்டுக்கொண்டிருந்தது. நடுநடுவே அவன் குரலும். "தாக்குங்கள்!" கொஞ்ச நேர மௌனம். "தாக்குங்கள்!"

அந்தக் குரல் டமாரத்தினுடையது. கீழே இருக்கும் காற்று இயந்திரத்தின் சீறலையும் கலந்து, ரத்தம் உறைகிற மாதிரி செய்திருந்தான். ஆயிரம் பேர் பின்னால் நின்றபோது அது பயங்கரமாக இருந்தது. இப்போது, வீட்டுக்கு வெளியே நின்று கூப்பிடுகிறவன் குரல் மாதிரி இருந்தது.

எனக்குத் திடீரென்று ஒரு கேள்வி வந்தது. இரண்டு வருடம் இவனை எழுதியிருக்கிறேனே, படையில்லாமல் தனியாக வந்தால் இவன் என்ன செய்வான் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? கட்டளையிட ஆளில்லை. அடிக்க வழியில்லை. அவன் காவல் நின்ற அதே கதவு. அவனை விட்டுவிட்டுப் பூட்டிக்கொண்ட அதே கதவு.

தட்டுவான்.

வேறென்ன செய்வான்? கதவைத் தட்டுவான்!

படியிலிருந்து எப்படி எழுந்தேன், எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. வாசலில் தூரிகை மேல் மோதி அவன் தேநீரைக் கொட்டிவிட்டேன். "ஆயிரம் பேர் வேண்டாம்!" என்று கத்தினேன். "நிறுத்து, ஒரு ஆளும் வேண்டாம்! அவன் தனியாவே வரட்டும்!"

அண்ணன் விரல் பொத்தான்மேல் இருந்தது. என்னைப் பார்த்த பார்வையில், வெயிலில் உட்கார்ந்து எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று முடிவே கட்டிவிட்டான். நான் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னேன். அவன் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் தட்டுகிறான். வாசற்காரி மேலிருந்து பார்க்கிறாள். அவன் சொல்கிறான், எனக்கு ஆள் இல்லை. பிறகு சொல்கிறான், யாரையாவது விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்.

டமாரம் வாயைப் பிளந்தான். "கையைப் பாரு, முடியெல்லாம் நிக்குது. நான் இப்பவே பேசித் தர்றேன்."

"வாசற்காரி என்ன சொல்வா?" என்று கேட்டார் அண்ணி.

அங்கேதான் இடித்தது. வாசற்காரிக்குக் குரல் கொடுத்த நடிகை எப்போதோ பேசிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஆறு மணிக்குள் அவரைத் தேடிப்பிடிக்க முடியாது. வேறு யாராவது பேசினால் குரல் ஒட்டாது. ஏற்கெனவே பேசி வைத்திருப்பதில் ஏதாவது பொருந்துமா என்று டமாரம் ஒவ்வொன்றாக ஓடவிட்டான். "வில்லாளிகள் முன்னே!" இது ஆகாது. "பாலத்தை எரியுங்கள்!" ஐயையோ. "தண்ணீர் கொண்டுவாருங்கள்!" இதுவும் இல்லை. எல்லாம் அதட்டல். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"முதல் போர்ல ஒண்ணு சொல்வாளே" என்றார் அண்ணி. "ஆட்டம் ஆரம்பிச்ச உடனே, கூடாரம் எங்க இருக்குன்னு காட்டறப்போ."

ஆடுகிறவருக்கு ஆட்டம் சொல்லிக்கொடுக்கிற இடம் அது. காயம்பட்டவனைத் தூக்கி வர எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும் என்று காட்டும்போது, சும்மா இருக்க வேண்டாமே என்று நான் எழுதிப்போட்ட வரி. எனக்கு மறந்தே போயிருந்தது. டமாரம் தேடி எடுத்து ஓடவிட்டான். வாசற்காரியின் கரகரத்த குரல், அவசரமில்லாமல் சொன்னது:

"ஒருவரையும் விட்டுவிட்டு வராதீர்கள்."

அண்ணன் மெதுவாக, "அடிப்பாவி" என்றான். அது எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது.

பிறகு என்ன, வேலை பறந்தது. அவ்வளவுதான், அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு வாசற்காரி தானே இறங்கி வந்து கதவைத் திறப்பாள். படை அவள் பின்னால் வெளியே வரும். ஒரு காலத்தில் தாங்கள் விட்டுவிட்டுப் போனவனைக் கூட்டிக்கொண்டு, பூட்டாத கோட்டையைப் பின்னால் விட்டுவிட்டு, எல்லோரும் பனிக்குள் போவார்கள். கோட்டை விழுந்தது! யாரும் இடிக்காமல், ஆள் இல்லாமல் காலியாகி விழுந்தது. நான் எழுதியதற்கு ஒரு குறையும் இல்லை. இரண்டாம் படலத்தில் வாசற்காரி அவனுக்குத் தளபதியாக இருப்பாள், உயிரோடு. நான்காம் படலத்தில் மலைமேல் மகள் வந்து நிற்கும்போது, எதிரே நிற்பது செத்து எழுந்த அம்மா இல்லை. தானாகவே அந்தப் பக்கம் போன அம்மா!

"இது இன்னும் கொடுமைடி" என்றான் அண்ணன், கண்கள் மின்ன.

"ஆமாம்!" என்று குதித்தேன். "இன்னும் எவ்வளவு நல்லா இருக்கு பாரு!"

தூரிகை வாசற்காரியின் சாம்பல் முகத்துக்கு மறுபடியும் ரத்த நிறம் ஏற்றினான். டமாரம் ஒலி அறையில் போர்வையைத் தலையோடு மூடிக்கொண்டு பேசினான். "எனக்கு ஆள் இல்லை" என்று முதலில் அழுதுகொண்டு சொன்னான். அது சினிமா மாதிரி இருந்தது. "அழாத, சும்மா சொல்லு. நாற்காலி காலியா இருக்குன்னு சொல்ற மாதிரி சொல்லு" என்றேன். அடுத்த தடவை சரியாக வந்தது. கீழே சரியாக அந்த நேரத்தில் காற்று இயந்திரம் நின்றது, கடைக்காரருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

நடுவில் அண்ணன் ஒரு சந்தேகம் கேட்டான். "இவ்வளவு பாடுபடறோமே, இதை எத்தனை பேர் பார்ப்பாங்க? ஒருத்தனையும் விடாம எவன் ஆடப் போறான்?"

"ஒருத்தர் பார்த்தாப் போதும்" என்றேன். "அந்த ஒருத்தர் உன் பக்கத்துலயே உக்காந்திருக்காங்க."

அண்ணி கேட்காத மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் உச்சி குளிர்ந்துவிட்டது, காதோரம் சிவந்ததில் தெரிந்தது.

"அது சரி" என்றான் அண்ணன் தட்டிக்கொண்டே. "இப்ப முதல் படலத்தோட முடிவும், அடுத்ததுல ஆரம்பமும்தான் மாறுது. மிச்சத்துக்கெல்லாம் இந்த வழியில புதுசா எழுதணும். அதை ரெண்டு மாசம் கழிச்சு அனுப்பலாம். நீதான் எழுதணும். வேற யாருக்கு இது வரும்?"

பையில் போன் கனத்தது. மலைமேல் பனியில் மகள் என்ன கேட்பாள் என்று அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டிருந்தது. அந்த வரியை எடுத்துக்கொண்டு நான் தெருவைத் தாண்ட முடியாது. அது இந்த அறையில் இருக்கிற கதை. ஆனாலும் அந்த நாற்காலி, அந்தத் தளம், அண்ணன் இல்லாத அந்த நிம்மதி! "பார்க்கலாம்" என்று முனகினேன்.

ஐந்தரைக்கு எல்லாம் தயார். ஒரே ஒரு தடவை முழுசாக ஓட்டிப் பார்க்க நேரமிருந்தது. அண்ணி தன் ஆட்டத்தை எட்டாம் போரிலிருந்து தொடங்கினார். நாங்கள் நால்வரும் பின்னால் நின்றோம்.

பனி வந்தது. முரசை இப்போது எடுத்துவிட்டிருந்தோம். ஆற்றுச் சத்தம் மட்டும். அரசன் தனியாக நடந்து வந்தான், ஒட்டுத் தையல் போர்வையோடு. கோலைக் கீழே வைத்தான். தட்டினான். அந்தத் தட்டலுக்கு டமாரம் எங்கள் அலுவலகக் கதவையே தட்டிப் பதிவு செய்திருந்தான்.

"எனக்கு ஆள் இல்லை" என்றான் அரசன். "யாரையாவது விட்டுவிட்டுப் போயிருப்பீர்கள் என்று நினைத்தேன்."

வாசற்காரி கீழே பார்த்தாள். தன் ஆட்கள் பக்கம் திரும்பினாள். "ஒருவரையும் விட்டுவிட்டு வராதீர்கள்."

கதவு திறந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தூரிகை வெளிப்படையாகவே விம்மினான். படை ஒவ்வொருவராக வெளியே வந்தது. அப்போது நாங்கள் யாரும் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒவ்வொரு சிப்பாயின் தலைக்கு மேலும் ஒரு பெயர் தோன்றியது.

"ஆ, அது வேற ஒண்ணுமில்ல" என்றான் அண்ணன். "செத்து எழுந்தவங்க வர்றப்போ, நீ யாரை விட்டுட்டு வந்தேன்னு காட்ட பேர் வரும். அந்த வழியாவே இவங்களையும் விட்டேன். அதான்."

ஆடுகிறவர் தன் சிப்பாய்களுக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். நாங்களே கொடுத்த வசதிதான்; யாரும் அதைச் சட்டை செய்வதில்லை. அண்ணி செய்திருந்தார்.

முதலில் ஈட்டிக்காரன் ஒருவன் வந்தான். தலைக்கு மேல் 'டமாரம்'. "ஏய், நான்!" என்று டமாரம் துள்ளினான். அடுத்து 'தூரிகை', கையில் கட்டுடன். பிறகு 'பெரியவர்', கேடயத்தோடு, அது அண்ணன். அதற்குப் பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் எங்கள் சிரிப்பு மெல்ல அடங்கியது. 'கட்டை'. 'குறட்டை'. 'சின்னத் தூரிகை'. 'கணக்குப்புலி'. எல்லோரும் தெருவைத் தாண்டிப் போனவர்கள். எதிர் ஜன்னலில் நின்று கையாட்டுகிறவர்கள். அண்ணியின் படையில் ஒருவர் குறையாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் கடைசியில், கதவடி காலியானபோது, ஒரு வில்லுக்காரி ஓடி வந்தாள். நெற்றியில் கட்டு. வரிசையில் நிற்காமல் அத்தனை பேரையும் இடித்துக்கொண்டு, அரசனையும் தாண்டி முன்னால் ஓடினாள். தலைக்கு மேல் 'கதைக்காரி'.

அண்ணனும் மற்றவர்களும் சிரித்த சிரிப்பில் கீழே டயர் கடைக்காரர் மேலே பார்த்திருப்பார். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. சதுப்பு நிலத்தில் ஒருத்தி மாட்டிக்கொண்டாள் என்று அண்ணி சொன்னாரே. பாலம் தாண்டிய படையை மொத்தமாகத் திருப்பினேன் என்றாரே. அதற்கு ஒரு நாள் போனது என்றாரே.

"ஏன் அண்ணி என் பேரை இவளுக்கு வச்சீங்க?"

"வேற யாருக்கு வைக்கிறது? எல்லாப் போர்லயும் கோவத்துல தனியா ஓடுவா. கூப்பிட்டா காதுலயே வாங்க மாட்டா." அண்ணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்றவர்கள் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார். "எதிர்க் கட்டடத்துக்காரங்க போன வாரம் எனக்குப் போன் பண்ணினாங்க. நீ வேலைல எப்படின்னு விசாரிச்சாங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. "தெரியுமா உங்களுக்கு? அண்ணனுக்கு?"

"அவருக்கு எதுக்கு? ராத்தூக்கம் போயிடும்."

"நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"இருக்கிறதைச் சொன்னேன். ரொம்ப நல்லா எழுதுவா, வாய் நீளம், கண்ணை மூடிக்கிட்டு அவளை எடுத்துக்கலாம்னு சொன்னேன்." திரையில் அந்த வில்லுக்காரியைத் தொட்டுக் காட்டினார். "போறதுன்னா போ. நான் பிடிச்சு வைக்க மாட்டேன். ஆனா எங்க படையில உன் பேரை மட்டும் எடுக்க மாட்டேன்."

"ஆறு ஆகப்போகுது!" என்று அண்ணன் கத்தினான். "அனுப்பிடட்டுமா? எல்லாம் சரிதானே? கதைக்காரி, சொல்லு!"

"அனுப்பு!" என்று நானும் கத்தினேன். அவன் பொத்தானை அமுக்கினான். தூரிகை டமாரத்தைக் கட்டிப்பிடித்துத் தூக்கினான். தரை அதிர்ந்தது, இந்தத் தடவை காற்று இயந்திரம் காரணமில்லை.

நான் போனை எடுத்தேன். தட்டி வைத்திருந்ததை அழித்தேன். 'மன்னிக்கவும், வரவில்லை. இன்னும் மூன்று படலம் பாக்கி இருக்கிறது' என்று எழுதி அனுப்பினேன். ஜன்னலுக்குப் போய் எதிர்க் கட்டடத்தைப் பார்த்தேன். சின்னத் தூரிகை அங்கே நின்று வழக்கம்போலக் கையாட்டினான். கீழே இறங்கி வா என்று சைகை காட்டினேன். நீயும் இதைப் பார்க்க வேண்டும்டா, உன் பேரும் இருக்கிறது.

பிறகு திரும்பி அண்ணனிடம் போய், முதுகு சாய்ந்தால் கூடவே சாய்கிற நாற்காலி ஒன்று நாளைக் காலைக்குள் எனக்கு வந்தாக வேண்டும் என்றேன். எதற்கு இப்போது திடீரென்று என்று அவன் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் அண்ணி சொன்னார்:

"வாங்கிக் குடுங்க. உக்காந்திருக்கப் போறவ கேக்கிறா."